மருதங்குடிக்காட்டில் படுத்த யானை

மருதங்குடிக்காடு வழியாகப் போகும் சாலையில் அதுவரை வந்திருந்த ஒரே யானை, லாரியில் நின்றுகொண்டு வந்தது. கோயில் யானை, எங்கோ முகாமுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாகன் டீ குடிக்க இறங்கிய நேரத்தில் ஊரே கூடி வாழைப்பழம் கொடுத்தது. மற்றபடி அந்தச் சாலையில் வண்டிகளில் அடிபட்டுப் போனவை மயில், கீரி, உடும்பு, எப்போதாவது ஒரு நரி, அறுத்த வயலில் மேய்க்க வரும் வாத்துக்காரர்களின் வாத்து. இவற்றில் மயில்தான் அதிகம். நெல் காயும் சாலையை மயில் லேசில் விடாது.

ஆகவே, விலங்குகள் வண்டிகளில் மோதாமல் தடுக்கும் நவீனக் கருவி ஊருக்கு வருகிறது என்றபோது, அது மயிலுக்காக என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். குத்தகைக்குப் பயிர் செய்யும் தங்கையனும் அப்படித்தான் நினைத்தார்.

மலைப்பக்கத்தில் யானைகள் ரயிலில் அடிபட்டுச் சாவதைத் தடுக்க யாரோ நல்ல மனிதர்கள் யோசித்துச் செய்த கருவி அது. இருட்டிலும் உடற்சூட்டைக் கண்டுகொள்ளும் கேமரா, அதை வைத்து இன்ன விலங்கு என்று சொல்லும் கணினி, உடனே எரியும் எச்சரிக்கைப் பலகை. மலையில் அது நன்றாக வேலை செய்தது. வேலை செய்ததுதான் வினையாயிற்று. இவ்வளவு நல்ல திட்டத்தை மலை மாவட்டங்களுக்கு மட்டும் கொடுத்தால் சமவெளியைப் புறக்கணித்ததாகப் பேச்சு வரும் என்று, மாவட்டத்துக்கு ஒன்று என முடிவு செய்தார்கள். தஞ்சாவூர்ப் பங்குக்கு வந்தது மருதங்குடிக்காட்டில் நின்றது. வாய்க்கால் பாலத்தடியில் ஒரு கம்பம், நெல் கொள்முதல் நிலையத்தைத் தாண்டி இன்னொரு கம்பம்.

தொடக்க விழாவில் வழித்தட வனவுயிர் மோதல் தடுப்பு முகமையின் திட்ட அலுவலர் இராஜாங்கம் பேசினார்.

"இந்த மாவட்டத்தில் யானை இல்லையே என்று சிலர் கேட்கிறார்கள். யானை இல்லாதது யானையின் குறை. அது வரும்போது நாம் தயாராக இல்லையென்றால், அது நம்முடைய குறை. அந்தக் குறையை இன்று தீர்த்துவிட்டோம்."

கூட்டத்தில் நின்ற அண்ணாதுரை கையைத் தூக்கினான். டிராக்டர் வைத்திருப்பவன், மேடை போட்ட இடங்களில் கையைத் தூக்கும் பழக்கம் உள்ளவன்.

"சார், இங்க மயிலுதான் அடிபடுது. அதுக்கு லைட்டு எரியுமா?"

"மயில் நம்ம வரம்புல வரலைங்க. எடை பத்தாது. அதுக்குன்னு தனியா ஒரு திட்டம் வரும்."

"அப்ப அதுவரைக்கும் மயில நிறைய சாப்பிடச் சொல்லணும்" என்று அண்ணாதுரை தன் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னான். பக்கத்தில் இருந்தவர் தங்கையன். அவர் சிரிக்கவில்லை. குறுவை அறுப்புக்கு மெஷின் கிடைக்குமா என்ற கவலையில் இருந்தார்.

மெஷின் தாமதமாகத்தான் கிடைத்தது. அறுத்துக் கொண்டுபோன நெல்லில் ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட்டார்கள். ஈரநெல்லைக் காயவைக்க ஊருக்கு இருந்த ஒரே இடம் சாலை. உலர்களமும் கொட்டகையும் வேண்டும் என்று ஊர் கொடுத்த மனுக்கள் பரிசீலனையில் இருந்தன. அவற்றுக்கு அந்த நிலைமை பழகிப்போயிருந்தது. நல்ல இடத்தையெல்லாம் முன்னால் அறுத்தவர்கள் பிடித்துக்கொண்டிருக்க, தங்கையனுக்குப் பாலத்துக் கம்பத்தடி மட்டுமே மிஞ்சியது. அங்கே கொட்டிப் பரப்பினார். சாயங்காலம் தூறல் போட்டதும் அரைகுறை ஈரத்தோடு குவித்து, தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஈரநெல்லைக் குவித்து மூடினால் உள்ளே புழுங்கிச் சூடேறும். இது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கம்பத்துக்கு மட்டும் தெரியாது.

காலையில் வெயில் வந்ததும் நெல்லைப் பிரித்துப் பரப்பலாம் என்று தங்கையன் போனபோது, குவியலைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளையுமாக ரிப்பன் கட்டியிருந்தது. கம்பத்துப் பலகையில் எழுத்துகள் மினுமினுத்தன: யானை உள்ளது. மெதுவாகச் செல்லவும்.

"நில்லுங்க! கிட்டப் போகாதீங்க" என்றார் இராஜாங்கம், ஜீப்புக்குப் பின்னாலிருந்து.

"என்ன சார்?"

"யானை படுத்திருக்கு."

தங்கையன் அங்கேயே நின்றார். வாய்க்கால் கரை, மூங்கில் புதர், அறுத்த வயல் என்று எல்லாப் பக்கமும் பார்த்தார். "எங்க சார்?"

இராஜாங்கம் தார்ப்பாயைக் காட்டினார்.

"சார், அது என் நெல்லு!"

"உங்க பார்வைக்கு அப்படித் தெரியலாம்."

"இருங்க, தார்ப்பாய உரிச்சுக் காட்டுறேன்."

"யானைத் தோலை உரிக்கப் போறேன்னு ஒரு அதிகாரி முன்னாடி சொல்றீங்க. என்ன தண்டனை தெரியுமா?"

தங்கையனுக்குத் தெரியாது. ஒரு காலைப் பின்னால் வைத்துக்கொண்டார்.

ஜீப்பின் முன்பக்கத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு நின்ற பெண் அவரைப் பரிதாபத்தோடு பார்த்தாள். கருவியைப் பராமரிக்கும் கம்பெனியின் பொறியாளர், பெயர் வானதி. இராஜாங்கம் போனில் பேச நகர்ந்ததும் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நெல்லுன்னு எனக்குத் தெரியுதுங்கய்யா. அதுக்கு நெல்லுன்னா என்னன்னே தெரியாது. மலையில பழக்கினது. யானை, காட்டெருமை, சிறுத்தை, மான், இவ்வளவுதான் அதோட உலகம். பெருசா, சூடா, மூச்சு விட்டுக்கிட்டு இருந்தா யானைதான்."

"நெல்லு எங்கம்மா மூச்சு விட்டுச்சு?"

"தார்ப்பாய் காத்துல உப்பி உப்பி அமுங்குது பாருங்க."

தங்கையன் பார்த்தார். உப்பி உப்பித்தான் அமுங்கியது. ஓரத்தில் கல் விலகிய முனை ஒன்று காது மாதிரி ஆடியது. அவருக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

போன் பேசிவிட்டு வந்த இராஜாங்கத்தைத் தங்கையன் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, நீங்களே கண்ணால பாக்குறீங்க. யானை இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"பெரியவரே, நான் சொல்றதைப் பொறுமையாக் கேளுங்க. சிஸ்டம் யானைன்னு சொன்னா, ஆமான்னு சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கு. இல்லைன்னு சொல்ல அதிகாரம் இல்லை. அதுக்கு மேலிடத்துல நிபுணர் குழு போடணும். குழு வந்து பாக்குற வரைக்கும் இது யானைதான்."

"குழு எப்ப சார் வரும்?"

"மழை விட்டதும் வருவாங்க. மழையில அவங்க வர மாட்டாங்க."

மழை விடுவதா? ஐப்பசி மழை இன்னும் தொடங்கவே இல்லை. மூடியே கிடந்தால் நெல் புழுங்கி நிறம் மாறிவிடும். மழை உள்ளே இறங்கினால் குவியலிலேயே முளைத்துவிடும். குத்தகை நிலம், இந்த வெள்ளாமை போனால் அடுத்த சாகுபடிக்குக் கையில் பிடிமானம் இல்லை. இதையெல்லாம் தங்கையன் சொன்னார். இராஜாங்கம் உண்மையாகவே வருத்தப்பட்டுக் கேட்டுக்கொண்டார். யானையால் விவசாயிக்கு நேரும் பாதிப்புக்குத் தனி அலுவலகம் இருக்கிறது என்றும், அது கோயம்புத்தூர்ப் பக்கம் என்றும் தகவல் கொடுத்தார்.

மதியம் கால்நடை மருத்துவர் ராஜ்குமார் வந்தார். பாலத்தின் மேலேயே நின்று பைனாகுலரில் வெகுநேரம் பார்த்தார். "நடுத்தர வயசு. மூச்சு சீரா இருக்கு. சூடு கொஞ்சம் அதிகம். தொந்தரவு பண்ணாம ஓய்வு கொடுக்கணும். பசுந்தீவனம் போடுங்க" என்றார். இறங்கி வரும்போது தங்கையனைத் தாண்டுகையில் நின்று, "தப்பா நினைச்சுக்காதீங்க. இவ்வளவு தூரம் வரவச்சுட்டாங்க. ஏதாவது சொல்லித்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேராவூரணியிலிருந்து தென்னை மட்டையும் எங்கிருந்தோ கரும்பும் வந்து இறங்கின. அவற்றைக் காவல் காக்க உள்ளூர் ஆள் வேண்டும் என்று அண்ணாதுரையை நியமித்தார்கள். மறுநாள் காலையில் கரும்பு முழுதும் காணவில்லை.

"சாப்பிட்டுதா?" என்று இராஜாங்கம் ஆவலோடு கேட்டார்.

"நல்லா சாப்பிட்டுது சார். இன்னும் கேக்குது" என்றான் அண்ணாதுரை. அவன் வீட்டு மாடுகள் அந்த வாரம் வழக்கத்தைவிட அதிகமாகக் கறந்தன.

தங்கையன் ரிப்பனுக்கு வெளியே, எதிர் வரப்பில் குந்தியிருந்தார். வீட்டுக்குப் போகவும் மனமில்லை. சோறு எடுத்துக்கொண்டு அவர் மனைவி அமிர்தம் வந்தபோது கிழக்கே மேகம் கருத்துக்கொண்டிருந்தது. அவள் மேகத்தைப் பார்த்தாள், குவியலைப் பார்த்தாள், ஜீப்பைப் பார்த்தாள்.

"ஏங்க, இவங்ககிட்ட எத்தனை தடவதான் நெல்லு நெல்லுன்னு சொல்லுவீங்க?"

"பின்ன வேற என்னடி சொல்றது?"

"நெல்லுக்குன்னு இவங்க என்னிக்கு வந்துருக்காங்க? யானைக்குன்னுதானே வந்துருக்காங்க? அத சொல்லுங்க."

அவள் தூக்குவாளியை அவர் கையில் கொடுத்துவிட்டு நேரே இராஜாங்கத்திடம் போனாள்.

"ஐயா, மழை வரப்போவுது. யானை நனையுமே?"

"காட்டு விலங்குதானேம்மா. மழை பழக்கம்தான்."

"காட்டுல மரத்தடி இருக்கும். இது தார் ரோட்டுல கெடக்கு. ஏற்கனவே சூடு அதிகம்னு டாக்டர் சொன்னாராமே. மேல மழையும் பட்டு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, யாரைக் கேப்பாங்க?"

யாரைக் கேட்பார்கள் என்று இராஜாங்கத்துக்கு நன்றாகத் தெரியும். அவர் முகத்தில் அதுவரை இல்லாத வேகம் வந்தது. ஒரே நேரத்தில் இரண்டு போனில் பேசினார். இரும்புக் குழாய்களும் தகரமும் ஏற்றிய லாரி சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. பந்தல்காரர்கள் ஓசையில்லாமல் வேலை செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டதால் சைகையாலேயே பேசிக்கொண்டு, சாலையோரத்தில் கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு கொட்டகையைக் குவியலின் மேல் எழுப்பினார்கள். கடைசித் தகரம் முடுக்கி முடிந்ததும் மழை கொட்டியது.

சாலை நெடுக மற்றவர்கள் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். தங்கையன் வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு, நனையாத தன் நெல்லைப் பார்த்தபடி நின்றார். ஐப்பசி மழையை அவர் சும்மா வேடிக்கை பார்த்தது அன்றுதான்.

மறுநாள் அமிர்தம் மறுபடி போனாள். "ஐயா, உள்ள புழுக்கமா இருக்கே. காத்து வேணாமா அதுக்கு?"

ஆளுயர மின்விசிறிகள் வந்தன.

"ஒரே பக்கமாப் படுத்துருக்கே. பொரட்டி விடலன்னா புண்ணு வராதா?"

இராஜாங்கம் இதற்குத்தான் திணறினார். யானையைப் புரட்டுவது முகமையின் பணிகளில் சொல்லப்படவில்லை. பாகன்தான் செய்ய வேண்டும். பாகனுக்கு எங்கே போவது? அவர் கண் வரப்பில் இருந்த தங்கையன் மேல் விழுந்தது.

"உங்க வீட்டுக்காரருக்கு யானைப் பழக்கம் உண்டா?"

"என்னங்கய்யா இப்படிக் கேட்டுட்டீங்க? விதை விட்ட நாள்லேர்ந்து அதோடதானே கெடக்குறாரு" என்றாள் அமிர்தம்.

அன்று மதியமே தங்கையனுக்குக் காக்கிச் சட்டையும் ஓர் அங்குசமும் கிடைத்தன. தன் நெல்லைத் தொட அவருக்கு இப்போது முறையான அனுமதி இருந்தது. அவர் உள்ளே போனார். தார்ப்பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார். ஆவி பறந்தது. நெல்லை இழுத்துப் பரப்பி, காலால் உழவு ஓட்டுவதுபோல் கிளறிக்கொண்டே போனார். மின்விசிறிகள் வீசின. பாகன் பணி செய்யும்போது யானை மிரளக்கூடாது என்று இராஜாங்கம் எல்லாரையும் மறுபக்கம் திரும்பி நிற்கச் சொல்லியிருந்தார். அவரும் திரும்பித்தான் நின்றார்.

"என்ன மாமா, முன்காலா பின்காலா?" என்று அண்ணாதுரை வெளியிலிருந்து கேட்டான்.

"பேசாம கரும்ப எண்ணுடா" என்றார் தங்கையன். அன்றுதான் அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

நெல் நன்றாகக் காய்ந்தது. அதில்தான் சிக்கல் வந்தது. காய்ந்த நெல் புழுங்குவதில்லை. குவித்து மூடினாலும் உள்ளே பழைய சூடு இல்லை. வானதி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"சார், உடம்புச் சூடு இறங்கிக்கிட்டே போகுது. இப்படியே போனா, யானை இறந்துடுச்சுன்னு சிஸ்டம் பதிவு பண்ணிடும்."

இராஜாங்கம் அப்படியே ஜீப்பில் உட்கார்ந்துவிட்டார். "என் பாதுகாப்புல இருந்த யானை. கொட்டகை போட்டேன். விசிறி போட்டேன். மலையில கூட இந்த மாதிரி பாத்துக்கிட்டதில்லை. இப்ப செத்துப்போனா பிரேதப் பரிசோதனை, விசாரணை, எல்லாம் என் தலையில." பிறகு கடமை நினைவுக்கு வந்தவராக எழுந்தார். "பொக்லைனுக்குச் சொல்லிடுங்க. இறந்த இடத்துலயே குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்கணும். அதான் விதி."

"எதை சார் புதைப்பீங்க?" தங்கையன் குவியலுக்கு முன்னால் போய் நின்றார். "காஞ்ச நெல்லு சார். இனிமே ஒரு குறையும் சொல்ல முடியாத நெல்லு."

"உங்க வருத்தம் புரியுது. பாகன்னா அப்படித்தான் இருப்பாங்க."

வானதிதான் யோசித்தாள். "சார், சாகுறதுக்குள்ள எழுந்து போயிட்டா? அடுத்த கம்பத்தைத் தாண்டி உயிரோட போச்சுன்னா, பாதுகாப்பாகக் கடந்ததுன்னு பதிவாகிடும்."

"எழுந்து போகுமா?"

"போகும் சார். அடுத்த கம்பம் கொள்முதல் நிலையத்தைத் தாண்டித்தானே இருக்கு?" என்று அண்ணாதுரை டிராக்டர் சாவியை எடுத்தான்.

மூட்டை பிடித்து டிரெய்லரில் ஏற்றினார்கள். அமிர்தத்தின் யோசனைப்படி கறுப்புத் தார்ப்பாயைப் போர்த்தி, மழை விட்டு வெளிவந்திருந்த மதிய வெயிலில் நிறுத்தினார்கள். தார்ப்பாய் தொட முடியாதபடி காய்ந்தது. "சூடு வந்துடுச்சு! பிழைச்சுக்கிச்சு!" என்று வானதி கத்தியபோது இராஜாங்கம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முன்னால் சைரனோடு ஜீப். அடுத்துக் காக்கிச் சட்டையில், அங்குசத்தோடு தங்கையன் நடந்து போனார். பின்னால் யானை நடக்கும் வேகத்தில் டிராக்டர். வேகம் கூடினால் யானைக்கு மதம் பிடித்ததாகப் பதிவாகிவிடும் என்று எச்சரித்திருந்தார்கள். வழியில் நெல் காயவைத்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். விவரம் தெரியாத ஒரு பெண்மணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டாவது கம்பத்தைத் தாண்டியதும் பலகை பச்சையாக எரிந்தது: யானை பாதுகாப்பாகக் கடந்தது.

கைதட்டினார்கள். இராஜாங்கம் தங்கையனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தீங்களா? இந்தத் திட்டம் வந்த பிறகு இந்தச் சாலையில ஒரு யானைகூட அடிபடலை." உடனே மேலிடத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஜீப்பைத் திருப்பி, வேகமாகக் கிளம்பினார்.

பாலத்தருகே, சிந்திக் கிடந்த நெல்லைக் கொத்திக்கொண்டிருந்த மயில் ஜீப்பில் அடிபட்டது. ஜீப் நிற்கவில்லை, பலகையும் எரியவில்லை. கம்பத்தின் கணக்கில் அந்த நேரம் சாலை காலியாக இருந்தது.

மூட்டைகளைக் கொள்முதல் நிலையத்தில் இறக்கி, ஈரம் சரி என்று எடை போட்டு முடித்த பிறகு அந்த வழியாகத் திரும்பிய தங்கையன், மயிலைத் தூக்கிக் கரையோரம் புல்லில் கிடத்தினார். கழுத்து இன்னும் சூடாகத்தான் இருந்தது.

இராஜாங்கம் பதவி உயர்வு பெற்று, யானைகளின் ஓய்வுப் பழக்கம் அறிந்த நிபுணராக மலை மாவட்டத்துக்குப் போனார். கொட்டகை இருந்த இடத்தில் இருந்தது. அதைச் சுற்றி வேலி போட்டு, வாசலில் தானாகத் திறக்கும் கதவும் கேமராவும் வைத்து, மேலே பெயர்ப்பலகை மாட்டினார்கள்: யானைகள் ஓய்விடம். அதன் கீழே சிறிய எழுத்தில், நெல் கொட்டுவது தண்டனைக்குரியது.

தை அறுவடையில் எதிர்பாராத மழை வந்தது. தூறலில் தங்கையன் தன் நெல்லை அந்தக் கதவுக்கு முன்னால் கொண்டுவந்து குவித்தார். உள்ளே நிரந்தரக் காவலராகிவிட்ட அண்ணாதுரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"கொஞ்சம் கதவத் திறடா."

"என் கையில ஒண்ணுமில்ல மாமா. அது பாத்து, அதுவாத்தான் திறக்கணும். நீங்க வேற நெல்ல இப்படி ஆற வச்சுக் கொண்டாந்துருக்கீங்க. யாரு திறப்பா?"

அமிர்தம் தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரங்களில் கல்லை வைத்தாள். "இருங்க, கொஞ்சம் புழுங்கட்டும்" என்றாள். இருவரும் ஒரே குடையில் நின்றார்கள். அதற்குள் மயில் ஒன்று வாய்க்கால் பக்கமிருந்து வந்து, நனைந்த தோகையை இழுத்துக்கொண்டு, வேலிக்கு அடியில் புகுந்து, கொட்டகைக்குள் போய் நின்றது. கேமரா திரும்பவில்லை.

வெகுநேரம் கழித்துத் தார்ப்பாய் காற்றில் ஒருமுறை உப்பி அமுங்கியது. கம்பத்தில் விளக்கு எரிந்தது. கதவு மெதுவாக இரண்டு பக்கமும் விலக, ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் கேட்டது: "யானை வருகிறது. பொதுமக்கள் வழிவிட்டு ஒத்துழைக்கவும்."

தங்கையன் ஒதுங்கி வழிவிட்டார். பிறகு, யாரும் வராததால், மண்வெட்டியை எடுத்துத் தன் நெல்லை உள்ளே தள்ளத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் சாலை நெடுக, தார்ப்பாய் போர்த்திய யானைகள் வரிசையில் படுத்திருந்தன.